இடம் வலம் தெரியாத நடிகர்களும் ஹபீப் தன்வீரின் 15 வருடங்களும்

1958இல் சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து ஆறு நாட்டுப்புற நடிகர்கள் தில்லிக்கு வந்தார்கள். தாக்கூர் ராம், மதன்லால், புல்வா ராம், லாலு ராம், பாபு தாஸ், ஜக்மோகன். ஊரில் விடிய விடிய நாச்சா என்னும் நாட்டுப்புற ஆட்டம் ஆடி, கூட்டத்தை இருந்த இடத்தை விட்டு எழவிடாமல் வைத்திருந்தவர்கள். தில்லியில் அவர்களுக்கு ஒரு சமஸ்கிருத நாடகத்தின் இந்தி வடிவத்தில் வேஷம். ஒத்திகை தொடங்கியதும் கை கால் கட்டிப் போட்டது போல ஆகிவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை அடி நடக்க வேண்டும், எந்த இடத்தில் வசனம் வர வேண்டும், எதுவும் நிற்கவில்லை. நேற்றுச் சொன்னது இன்று இல்லை.

அழைத்து வந்தவர் ஹபீப் தன்வீர். அப்போது அவருக்கு வயது 35. லண்டனில் நாடகம் படித்து, பெர்லினில் எட்டு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் நாடு திரும்பியிருந்தார். அந்த ஆறு பேருக்கு என்ன ஆயிற்று என்று முழுசாகப் புரிந்துகொள்ள அவருக்கு 1973 வரை ஆனது. 15 வருடம். இந்திய நாடகத்தில் அவர் பெயர் நிற்பதற்குக் காரணமான வேலைகள் பெரும்பாலும் அந்த வருடத்துக்குப் பிறகு வந்தவை. விருதுப் பட்டியலைக் காட்டிலும் அந்த 15 வருடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு இயக்குநர் எங்கே தப்பு செய்தார், தப்பு யாருடையது என்று எப்போது கண்டுகொண்டார், அப்புறம் என்ன மாற்றினார் என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் வாழ்க்கை அதிகம் இல்லை. போதாக்குறைக்கு, அவரே அதைப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால்

பிறந்தது ராய்ப்பூரில், 1923 செப்டம்பர் 1 அன்று. இயற்பெயர் ஹபீப் அகமது கான். அப்பாவின் பூர்வீகம் பெஷாவர். 'தன்வீர்' என்பது கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். ராய்ப்பூரில் பள்ளி, நாக்பூர் மோரிஸ் கல்லூரியில் 1944இல் பட்டம், அப்புறம் கொஞ்ச காலம் அலிகர். 1945இல் பம்பாய் போனார். வானொலி, சினிமா, பத்திரிகை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலும் இப்டா என்று அழைக்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் சேர்ந்தது அங்கேதான்.

1954இல் தில்லிக்கு வந்து 'ஆக்ரா பஜார்' போட்டார். 18ஆம் நூற்றாண்டு உருதுக் கவிஞர் நஸீர் அக்பராபாதியைப் பற்றிய நாடகம், ஆனால் நஸீர் ஒரு காட்சியில்கூட மேடைக்கு வரமாட்டார். நாடகம் முழுக்கச் சந்தைதான். வெள்ளரிக்காய் விற்கிறவனுக்கு வியாபாரமே இல்லை. என் வெள்ளரிக்காயைப் பற்றி ஒரு பாட்டு எழுதித் தாருங்கள் என்று கவிஞர் கவிஞராகத் தேடி அலைகிறான். ஒருவரும் மதிக்கவில்லை. கடைசியில் நஸீர் எழுதித் தருகிறார், காய் விற்றுப்போகிறது. ஒரு பக்கம் புத்தகக் கடையில் படித்தவர்கள் கூடி நஸீரை இளக்காரம் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம் பட்டக் கடையில் அவர் பாட்டை ரசிக்கிறார்கள். முதலில் இதில் நடித்தவர்கள் ஜாமியா மிலியா மாணவர்களும் பக்கத்து ஓக்லா கிராமத்து மக்களும். மொழி தெருவில் புழங்கிய மொழி. தெரு மனிதர்களை அவர்கள் பேச்சோடு மேடையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று 1954இலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், நான்கு வருடம் கழித்து அவர் செய்த தப்பு இன்னும் வினோதமாகத் தெரியும்.

1955இல் இங்கிலாந்து. லண்டன் ராயல் நாடகக் கலை அகாதமியிலும் பிரிஸ்டல் ஓல்ட் விக் பள்ளியிலும் பயிற்சி. ஆங்கிலம் பேசுவதற்கான குரல் பயிற்சி தன் மொழி மேடைக்கு அவ்வளவாக உதவாது என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது. மொழி மாறினால் பேச்சின் தாளம் மாறும், தாளம் மாறினால் உடம்பின் அசைவும் மாறும் என்பது அவர் கணக்கு. பிறகு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். 1956இல் பெர்லின் போய்ச் சேர்ந்தபோது ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவரைப் பார்க்க முடியவில்லை, அவருடைய பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவின் நாடகங்களை மட்டும் பார்த்தார். மேடையில் எதுவும் குவிக்க வேண்டாம், தேவையானது மட்டும் போதும் என்ற எளிமை அவருக்குள் இறங்கியது.

1958: நோக்கம் சரி, வழி தப்பு

ஊர் திரும்பியதும் ராய்ப்பூர் போனார். அங்கே ஒரு இரவு நாச்சா பார்த்தார். நாச்சா சத்தீஸ்கரின் இரவு ஆட்டம். நடுவில் ஆடுகளம், மூன்று பக்கமும் ஜனம். ஆர்மோனியம், தபேலா, கிளாரினெட். பெண் வேஷத்தில் ஆண்கள், நையாண்டிக்குக் கோமாளிகள். பாட்டும் ஆட்டமும் ஒரு பக்கம், அவற்றுக்கு நடுவில் 'கம்மத்' என்று சொல்லும் சின்னச் சின்னச் சிரிப்பு நாடகங்கள். எழுதிய வசனம் கிடையாது. நம் கூத்தில் கட்டியங்காரன் அன்றைய கூட்டத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசுவானே, அதுபோல நாச்சா நடிகனுக்கு மொத்த ஆட்டமுமே அப்படித்தான். அன்று பார்த்தவர்களில் சிலரைத்தான் தில்லிக்குக் கூட்டி வந்தார்.

போட்ட நாடகம் சூத்ரகரின் மிருச்சகடிகம். தமிழில் மண்ணியற் சிறுதேர் என்று படித்திருப்போம். இந்தியில் 'மிட்டி கீ காடி'. சமஸ்கிருத நாடகத்தில் இடமும் காலமும் ஒரு சுற்று நடந்தால் மாறிவிடும், நாட்டுப்புற மேடையிலும் அதேதான். ஆகவே இவர்கள்தான் அதற்குச் சரியான நடிகர்கள் என்று அவர் நினைத்தார். இந்த இடத்தில் அவர் யோசனையில் பிசகே இல்லை. நாடகத்தையும் நடிகர்களையும் சரியாகத்தான் ஜோடி சேர்த்தார்.

ஒத்திகையில்தான் பிரச்சனை. லண்டனில் கற்றபடி, ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே தீர்மானித்து நடிகருக்குச் சொன்னார். இங்கே நில், அங்கே நட, இந்தச் சொல்லில் திரும்பு. எழுதப் படிக்கத் தெரியாத, அல்லது அரைகுறையாகத் தெரிந்த ஒருவருக்கு இது மனப்பாடக் கணக்கு. வலது எது, இடது எது என்பதே மேடையில் அவர்களுக்கு அர்த்தமில்லாத கேள்வி. அவர்கள் வழக்கமாக ஆடும் களத்தில் ஜனம் மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் சிரிப்பு எழுகிறதோ அந்தப் பக்கம் நடிகன் நகர்வான். அவன் கால் எங்கே போக வேண்டும் என்பதைக் கூட்டம் தீர்மானித்துக்கொண்டிருந்தது. கூட்டமே இல்லாத ஒத்திகை அறையில், எண்ணி வைத்த அடிகளில் நடக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

இதற்கு மேல் மொழி. வீட்டில் சத்தீஸ்கரி, களத்தில் சத்தீஸ்கரி, இங்கே மட்டும் புத்தக இந்தி. சத்தீஸ்கரியையும் இந்தியையும் ஒன்றாகவே எண்ணுவார்கள் வெளியாட்கள். நடிகனின் நாக்குக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நினைவிலிருந்து தோண்டி எடுக்கிறவன் எதிரில் நிற்பவனைப் பார்த்து நடிக்க முடியாது. தாக்கூர் ராம் போன்ற ஒரு பெரிய நகைச்சுவை நடிகர்கூட இந்தி வசனத்தில் பாதி ஆளாகிவிட்டார்.

எது காரணம் என்று அவர் தேடிய வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நடிகர்களிடம் குறை என்றுதான் நினைத்தார். பயிற்சி போதவில்லை, நகரத்து மேடை பழக்கமில்லை, பழகினால் சரியாகிவிடும். இயக்குநர்கள் எல்லாருமே முதலில் எட்டிப் பிடிக்கும் விளக்கம் இது. அபத்தம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வசதியான விளக்கம்.

நடுவில் ஓடிய காலம்

1959இல் மோனிகா மிஸ்ராவோடு சேர்ந்து 'நயா தியேட்டர்' தொடங்கினார். மோனிகாவும் இயக்குநர். பிற்பாடு இருவரும் மணம் செய்துகொண்டார்கள். ஹபீபைப் பற்றி எழுதுகிறவர்கள் மோனிகாவை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம், நானும் இங்கே கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறேன். குழுவை நாற்பது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்ததில் பாதி அவர் வேலை என்பதை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன்.

1960களில் குழு பல தினுசு நாடகங்களைப் போட்டது. நாட்டுப்புற நடிகர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஹபீபுக்கு மரியாதை இருந்தது, 1969இல் சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்தது. ஆனால் அந்த முடிச்சு மட்டும் அவிழவில்லை. 1970 வாக்கில் 'ஆக்ரா பஜார்' போன்ற பழைய நாடகங்களை அந்த நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தபோது, பாட்டும் ஆட்டமும் வரும் இடத்தில் அவர்கள் பொங்கினார்கள், இந்தி வசனம் வந்ததும் மறுபடி தயங்கினார்கள். ஒரே ஆள், ஒரே மேடை, பத்து நிமிடத்துக்குள் இரண்டு வேறு நடிகர்கள். அப்படியானால் குறை ஆளிடம் இருக்க முடியாது.

1972இல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினரானார், 1978 வரை இருந்தார். மாதச் சம்பளமும் தில்லியில் அரசு வீடும் கிடைத்த அந்த ஆறு வருடமும் அவருடைய மிக முக்கியமான நாடகங்கள் பிறந்த காலமும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் ஊகம். நாட்டுப்புற நடிகர்களைத் தலைநகரத்தில் சோறு போட்டு வைத்துக்கொள்வது சாதாரணச் செலவு இல்லை. பிற்காலத்தில் தில்லியின் பேர் சராய் பகுதியில் குழு சேர்ந்தே வாழ்ந்தது.

1973: ராய்ப்பூர் பட்டறை

இந்த வருடம் ராய்ப்பூரில் நாச்சா கலைஞர்களைத் திரட்டி ஒரு பட்டறை நடத்தினார். இம்முறை கையில் நாடகப் பிரதி இல்லை. அவர்கள் காலங்காலமாக ஆடி வந்த கம்மத் துண்டுகளையே எடுத்துக்கொண்டார். மூன்றைத் தேர்ந்து, ஒரே கதையாக ஒட்டினார். அதுதான் 'காவ்ன் கா நாம் சசுரால், மோர் நாம் தாமாத்'. ஊர் பேரு மாமியார் வீடு, எம் பேரு மாப்பிள்ளை என்று சொல்லலாம். காதலித்த பெண்ணை அவள் அப்பா ஒரு பணக்காரக் கிழவனுக்குக் கட்டி வைக்கிறார், காதலன் கூட்டாளிகளோடு போய் அவளை மீட்டு வருகிறான். கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. மொழி முழுக்க சத்தீஸ்கரி.

வேலை செய்த முறை தலைகீழாக மாறியிருந்தது. முதலில் நடிகர்கள் தங்கள் பாட்டுக்கு நடிப்பார்கள். யாரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நல்லது எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு, வேண்டாததை வெட்டி, எஞ்சியதை நிலைப்படுத்துவார். அசைவு முதலில், அதைத் தீர்மானிப்பது பிறகு. 1958இல் தீர்மானம் முதலில் வந்தது, அசைவு பிறகு வரவே இல்லை.

'நடிகனை அவன் போக்கில் விட்டார், வெற்றி பெற்றார்' என்று இதைச் சுருக்கிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அது பாதிதான் சரி. நாச்சா அப்படியே மேடையேறியிருந்தால் விடியும் வரை ஓடியிருக்கும். அதில் பாட்டுக்கும் கதைக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. கம்மத் முடிந்ததும் ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் அடுத்த கம்மத். ஹபீப் நாடகத்தை இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கினார், பாட்டைக் கதைக்குள் கொண்டுவந்தார், பாட்டே கதையைப் பற்றிக் கருத்துச் சொல்லும்படி வைத்தார். பெண் வேஷத்துக்குப் பெண்களைக் கொண்டுவந்தார். தேவார் என்னும் நாடோடிப் பாடகர் சமூகத்திலிருந்து (நம் ஊர்ப் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஃபிதா பாய், மாலா பாய் போன்றவர்கள் வந்தார்கள். இத்தனையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் வேலை இல்லை. ஒரு கறாரான தொகுப்பாளரின் வேலை. லண்டனும் பெர்லினும் வீண்போகவில்லை. அவற்றை நடிகனின் கால்களிலிருந்து எடுத்து நாடகத்தின் எலும்புக்கூட்டில் வைத்தார், அவ்வளவுதான்.

திருடனின் ஐந்து சத்தியங்கள்

முறை சரிதானா என்பதற்குப் பெரிய சோதனை 'சரண்தாஸ் சோர்'. ராஜஸ்தானிய எழுத்தாளர் விஜய்தான் தேத்தா மறுபடி சொன்ன ஒரு நாட்டுப்புறக் கதை இதற்கு மூலம். ஒரு திருடன் குருவிடம் போகிறான்.   எப்படியும் நடக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் வேடிக்கையாக நான்கு சத்தியம் செய்கிறான்: தங்கத்தட்டில் சாப்பிட மாட்டேன், யானை மேல் ஊர்வலம் போக மாட்டேன், ராணியைக் கட்ட மாட்டேன், ஒரு நாட்டுக்கு ராஜாவாக மாட்டேன். ஐந்தாவதாக, பொய் சொல்வதை விடு என்கிறார் குரு. அதற்கும் ஒத்துக்கொள்கிறான். கதை போகப் போக ஒவ்வொன்றாக வீடு தேடி வருகிறது. ஒவ்வொன்றையும் மறுக்கிறான். ராணியே வலிய வந்து மணக்கக் கேட்கிறாள், மறுக்கிறான். சரி, இதை வெளியே சொல்லாதே என்கிறாள். பொய் சொல்ல மாட்டேன் என்ற சத்தியம் இருக்கிறதே, அதற்கும் வழியில்லை. கொல்லப்படுகிறான்.

முதலில் இது பிலாய் மைதானத்தில் சின்ன நாடகமாக ஆடப்பட்டது. 1975இல் தில்லிக்கு வந்தபோது முழு நாடகமாக வளர்ந்திருந்தது. சத்தீஸ்கரின் சத்நாமி சமூகத்தினர் குரு காசிதாஸின் வழி வந்தவர்கள், அவர்களுக்குச் சத்தியமே கடவுள். அவர்களுடைய பந்த்தி ஆட்டமும் பாட்டும் இந்த நாடகத்துக்குள் வந்தன. பொய் சொல்லாத திருடன் என்ற வேடிக்கைக்கு அடியில் கனமான தரை போட்டது அந்தப் பாட்டுகள்தான் என்பேன். மேடையில் தாழ்வான ஒரு மேடையும் பின்னால் இலைகளோடு ஒரு மரக்கிளையும், அதைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. ஹபீப் போலீஸ் ஹவில்தாராக நடித்தார். சரண்தாஸாக முதலில் மதன்லால், பிறகு கோவிந்த்ராம் நிர்மல்கர், தீபக் திவாரி என்று பலர். வேஷக்காரர் மாறும்போதெல்லாம் திருடனின் சுபாவமும் கொஞ்சம் மாறியது. வசனம் நடிகனின் வாயிலிருந்து பிறந்ததால் வந்த விளைவு இது.

சிரிக்க வைத்துக்கொண்டே வந்த நாடகம் கதாநாயகனின் சாவில் முடிவது நாட்டுப்புற மேடைக்கு வழக்கமானதல்ல. ஹபீப் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரை இயக்குநர் என்று அழைக்கலாம். 1975இலேயே ஷியாம் பெனகல் இந்தக் கதையைக் குழந்தைகளுக்கான படமாக எடுத்தார். 1982இல் எடின்பரோ விழாவில் நாடகம் ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது வாங்கியது. தில்லி ஒத்திகை அறையில் திணறியவர்களின் வாரிசுகள், மொழி புரியாத ஸ்காட்லாந்துக் கூட்டத்தின் முன் சத்தீஸ்கரியில் பேசி வாங்கிய விருது அது.

1978இல் வந்த 'பஹாதுர் கலாரின்' இன்னும் கடினமான காரியம். சாராயம் விற்கும் ஒரு பெண்ணையும் அவள் மகனையும் பற்றி சத்தீஸ்கரில் வாய்வழியாக வழங்கிய கதை. மகன் 126 பெண்களை மணந்தும் எவளிடமும் மனம் நிலைக்காமல், கடைசியில் தன் தாயையே விரும்புகிறான் என்று போகும். சிரிப்பிலேயே வாழ்ந்த நாச்சா நடிகர்களால் இதைத் தாங்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. தாயாக நடித்த ஃபிதா பாய் தாங்கிக் காட்டினார்.

இந்தக் காலத்தில்தான் 'மிட்டி கீ காடி'யை மறுபடி எடுத்தார், சத்தீஸ்கரியில். அதே நாடகம், அதே இயக்குநர், நடிகர்களும் அதே மண்ணிலிருந்து வந்தவர்கள். இருபது வருடம் முன்பு நகராத வண்டி இப்போது ஓடியது. ஒரு ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான மறுசோதனை கிடைப்பது அபூர்வம்.

தீராத கணக்குகள்

ஹபீப் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கதை மக்களுடையது, வசனம் நடிகர்களுடையது, பாட்டு கிராமத்துக் கவிகளுடையது; புத்தக அட்டையில் பெயர் மட்டும் அவருடையது. புகழும் அவருக்கு, வறுமை நடிகர்களுக்கு. இதை முழுசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அவர் நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார், அரசு மானியத்துக்காக அலைந்தார், அவர்களைப் பெயர் சொல்லி அடையாளப்படுத்தினார், அவர்களோடு ஒரே இடத்தில் வாழ்ந்தார். அதே சமயம், உலகம் சுற்றிய அந்த நடிகர்களில் பலருக்கு முதுமை வசதியாக அமையவில்லை. நவீன நாடகக்காரர் ந. முத்துசாமி தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போனபோதிலிருந்து நம் பக்கத்திலும் கூத்துக்கும் நவீன நாடகத்துக்கும் நடுவே இதே கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் யாருக்கு எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் எதுவும் இன்னும் யார் கையிலும் இல்லை.

இன்னொரு கணக்கு அரசியல் சம்பந்தப்பட்டது. 'போங்கா பண்டிட்' என்று ஒரு சின்ன நாடகம். ஹபீப் எழுதியதல்ல. நாச்சா கலைஞர்கள் 1930களிலிருந்து ஆடி வந்தது, துப்புரவு செய்யும் பெண்ணையும் தீட்டுப் பார்க்கும் பூசாரியையும் வைத்த நையாண்டி. கிராமங்களில் பல பத்தாண்டுகள் சிரிப்போடு கடந்துபோன இந்த நாடகத்தை நயா தியேட்டர் ஆடியபோது 1990களின் தொடக்கத்திலும், மறுபடி 2003இல் மத்தியப் பிரதேசத்திலும் இந்துத்துவ அமைப்பினர் தாக்கினார்கள். அப்போது ஹபீபுக்கு வயது 80. நாடகத்தை நிறுத்தவில்லை.

1983இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண். 2005இல் மோனிகா இறந்தார். 2006இல் தாகூர் கதையை வைத்து 'ராஜ் ரக்த்' போட்டார். 2009 ஜூன் 8 அன்று போபாலில் இறந்தார்.

அதே 2009இல் இன்னும் இரண்டு நடந்தன. சத்நாமி சமூகத்தின் ஒரு தரப்பு தங்களைக் கேவலப்படுத்துவதாக ஆட்சேபிக்க, 'சரண்தாஸ் சோர்' புத்தகத்துக்கு சத்தீஸ்கர் அரசு தடை விதித்தது. அவர் பிறந்த மண், அவர் மேடையேற்றிய மொழி, நாடகம் 34 வருடமாக ஆடப்பட்டு வந்திருந்தது. மற்றொன்று, அந்தத் திருடனாக வருடக்கணக்கில் வாழ்ந்த கோவிந்த்ராம் நிர்மல்கருக்கு அந்த வருடப் பத்மஸ்ரீ பட்டியலில் இடம் கிடைத்தது.